ரப்பர் கொட்டைச் சூடு

மலேசியாவின் செலண்டாரில் பாலர் பள்ளிப் பிள்ளைகள் இருவர் இருவராகக் கைகோத்துத்தான் வகுப்புக்குள் போக வேண்டும். லால்குடிப் பக்கம் முண்டியடித்துக்கொண்டு பள்ளிக்கு ஓடியவள் நான். இந்த ஒழுங்கு முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. என் மகள் மலரைச் சேர்த்த பிறகு சிரிப்பு போய்விட்டது. ஆறு வயதாகியும் அவளுக்குப் பேச்சு திருந்தவில்லை, மூன்றுக்கு மேல் எண்ண வராது. அவள் கையைப் பிடிக்க ஒரு பிள்ளையும் வராது. தினமும் டீச்சர்தான் அவளுக்கு ஜோடி.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கல்யாணமாகி இங்கே வந்து எட்டாவது வருடம். கணவர் செங் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு ஷிப்ட் வேலைக்குப் போனதும் நான் லால்குடியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அங்கே எங்கள் தெருவில் வாய் பேசாத செல்வியையும் சேர்த்துக்கொண்டுதான் பாண்டி ஆடுவோம். அவளை எத்தனை முறை அழவைத்தோம் என்பது மட்டும் வசதியாக மறந்துபோகும். மலரை அங்கே கொண்டுபோய்ப் படிக்கவைப்பது, நானும் கூடவே இருந்துவிடுவது என்று முடிவுகட்டி அக்காவுக்குக் கடிதமும் எழுதிவிட்டேன்.

அந்த வாரம் மலர் கையில் நாலைந்து சிவந்த தடிப்புகளோடு வந்தாள். கேட்டால் சிரித்தாள். நேரே பள்ளிக்குப் போய், பிள்ளைக்கு யார் சூடு வைத்தது என்று கத்தித் தீர்த்தேன். டீச்சர் பயந்துபோய், பிள்ளைகளின் ரப்பர் கொட்டை விளையாட்டையே நிறுத்திவிட்டார். பிறகுதான் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்.

"ரப்பர் கொட்டைய சிமெண்டுல தேச்சி, சூடா கையில வைப்பாங்க லா, அக்கா. எஸ்டேட்டுல எல்லாரும் வெளாண்டதுதான். சேத்துக்கிட்ட பிள்ளைக்கி மட்டும்தான் வைப்பாங்க."

இந்த மண்ணில் பிறந்த எந்தத் தாய்க்கும் இது தெரிந்திருக்கும். தேவி என்ற பிள்ளைதான் மலரை முதலில் சேர்த்துக்கொண்டாளாம். பத்து எண்ணும்வரை தேய்க்க வேண்டுமாம். மறுநாள் மலர் பழையபடி டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். என் வாயாலேயே கெடுத்தேன்.

அப்போது வீட்டுக்குப் பின்னால் ரப்பர் மரங்கள் இருந்தன, இப்போது எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. ஒரு பை நிறையக் கொட்டை பொறுக்கி வந்து தேவியைக் கூப்பிட்டேன். அவள் வாசலைத் தாண்டவில்லை.

"ஆன்ட்டி ஏசுவீங்க," என்றாள்.

நான் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினேன். "எனக்கு வைம்மா."

தேவி தேய்க்க, மலர் எண்ணினாள். மூன்றைத் தாண்டாதவள் ஆறுவரை வந்து, எட்டுக்குத் தாவினாள். "ஏழு எங்க?" என்று தேவி விடாமல் திரும்ப எண்ணவைத்தாள். நான் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொடுத்தும் வராத பத்து, நாலாவது தடவையில் வந்துவிட்டது. கொட்டை என் கையில் பட்டது. நன்றாகவே சுட்டது.

சில நாளில் அக்காவின் பதில் வந்தது. மலருக்குப் பள்ளியில் சொல்லி வைத்துவிட்டாளாம். நான் வளர்ந்த மாடி அறைக்கு வெள்ளையடித்துவிட்டாளாம். மலர் வரவில்லை என்று உடனே எழுதிவிட்டேன். நானும் வரவில்லை என்று எழுத மூன்று நாள் ஆயிற்று. எழுதி முடித்த பிறகு, அந்த அறையை மட்டும் யாருக்கும் வாடகைக்கு விட்டுவிடாதே என்று அடியில் சேர்த்தேன்.