பவுனக்கா சுமந்துபோன மண்

சுக்கு மூட்டையை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது சொன்னார்கள், பவுனக்கா இறந்துவிட்டார் என்று. ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காமல் தரையில் கிடந்துதான் இறந்தார். இதை மறைத்துவிட்டு இந்த இரங்கல் கூட்டத்தில் அவரைப் புகழ எனக்கு மனமில்லை.

மட்டாஞ்சேரிக் கிடங்கில் சுக்குப் புடைத்த அவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். எழுபதுகளில் கரிசல் பக்கத்திலிருந்து வந்தவர். கிடங்குக்குப் பின்னால், காயல் தண்ணீர் ஏறி இறங்கும் துண்டு நிலத்தில் கொத்தமல்லி விதைத்தார். ஊரில் மழையை மட்டும் நம்பி விளைவது, இங்கே விரற்கடை வளர்ந்து மஞ்சளித்துச் செத்தது. நாங்கள் சிரித்தோம். அவர் ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துத் துப்பினார்.

"உப்பு! பாவி, நான் விதையையில்ல வைதுக்கிட்டிருந்தேன்."

வீடு கட்டும் இடங்களில் மிஞ்சிய செம்மண்ணைத் தலையில் சுமந்து வந்தார். அடியில் ஓட்டுச் சில்லைப் பரப்பி, மேலே செம்மண், ஆற்று மணல், சாணம், சுக்குத் தூசி என்று ஒரு முழ உயரத்துக்கு மேடு கட்டினார். தண்ணீர் வடியும் உச்சியில் கொத்தமல்லி, ஈரம் தங்கும் ஓரத்தில் புதினா. அந்தப் பச்சையை வாய் பிளந்து பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

அவர் காய்ச்சலில் படுத்த வாரங்களில் நான் புதினாவுக்குச் சாணத்தை அள்ளிக் கொட்டினேன். இலை அகல அகலமாக வந்தது. பிரியாணிக் கடைக்காரர் முகர்ந்து பார்த்துத் திருப்பித் தந்தார்.

"இதெந்தாடா, புல்லோ?"

பவுனக்கா தலையில் அடித்துக்கொண்டார். "கொழுத்த மண்ணுல இலைதாண்டா பெருக்கும், வாசம் வராது. கொஞ்சம் பட்டினி போடணும்."

மனிதனுக்கும் அப்படித்தான், பட்டினிதான் கூர்மை தரும் என்று நான் தத்துவம் பேசினேன்.

"வாயைக் கழுவுடா. அது செடிக்கு. மனுசனுக்குச் சோத்தைப் போடு."

பச்சையைக் கண்ட பிறகுதான் முதலாளிக்கு அந்த நிலம் தன்னுடையது என்று நினைவு வந்தது. அவருடைய மலையாளி மேலாளர் வந்தார்.

"ஸ்தலம் முதலாளியோடதாணு. நாளைக்கு ஒழிஞ்சு தரணும்."

"இடம் அவரோடது சேட்டா. மண்ணு என்னோடது. நான் வரும்போது இது இங்க இல்லை."

"அப்போ எடுத்தோண்டு போய்க்கோ!" என்று அவர் சிரித்தார்.

எடுத்துக்கொண்டு போனார். விடிந்ததும் மேட்டை வெட்டிச் சாக்குகளில் நிரப்பினார். சுமைத் தொழிலாளர்கள் நாங்கள் வரிசையாகத் தலையில் ஏற்றினோம். நசுங்கிய புதினாவின் மணம் கடைத்தெரு முழுவதும் எங்களோடு வந்தது. அவருடைய வாடகை வீட்டின் பின்புறத்தில் கொட்டினோம். கிடங்குக்குப் பின்னால் உப்புப் பூத்த பழைய தரை மட்டும் கிடந்தது. மேலாளர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

உழைப்பின் பலன் எங்களுக்கே என்று சங்கத்தில் தொண்டை கிழியக் கத்தியவன் நான். எது வரைக்கும் உங்களுடையது என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன். பவுனக்காவுக்கு மண்வெட்டியை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது. முதலாளியின் உப்பு மண்ணில் ஒரு பிடிகூட அவர் சாக்கில் ஏறவில்லை. தன்னுடையதில் ஒரு பிடியும் அங்கே தங்கவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது மண்வெட்டி நின்ற அந்த ஒரு முழ ஆழத்தை.