நாலு நாள் காய்ச்சின எண்ணெய் வாசம்

செல்லத்துரை அண்ணாச்சியின் வண்டி இலஞ்சி விலக்குப் பக்கம் கியர்பாக்ஸ் இறுகி நின்றபோது, நான் பட்டறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். போனில்தான் விஷயம் வந்தது. பின்னால் உட்கார்ந்து வந்த அவர் மனைவி கிரேஸ் மதினி ரோட்டில் விழுந்து, வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. அதற்கு முந்தின வாரம்தான் அந்த வண்டியைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அனுபவத்தை எழுதுங்கள் என்று மெக்கானிக் சங்கத்தில் கேட்டார்கள். நான் சரியாகக் கண்டுபிடித்த கதைகள் நிறைய உண்டு. அதையெல்லாம் விட இதுதான் உபயோகப்படும் என்று நினைக்கிறேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் முப்பது வருஷத்துக்கு மேலாகப் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய மோட்டார் பைக்குகள்தான் என் பிழைப்பு, அதிலும் டூ ஸ்ட்ரோக். அதில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்தே எரியும், ஆகவே புகை வராமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். லேசான நீலப் புகை என்றால் பெட்ரோலில் கலக்கிற டூ-டி ஆயில், அது வழக்கம். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, கார்பரேட்டரையும் ஏர் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். வெள்ளைப் புகையில்தான் வில்லங்கம். சாரல் காலத்தில் சைலன்ஸருக்குள் தங்கிய ஈரம் ஆவியாக வந்தாலும் வெள்ளை. கிளட்ச் பக்கம் ஆயிலைத் தடுத்து நிற்கிற ரப்பர் வளையமான ஆயில் சீல் போய், கியர்பாக்ஸ் ஆயிலை இன்ஜின் உறிஞ்சி எரித்தாலும் வெள்ளை. கண்ணுக்கு ரெண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மூக்கு வைத்தால் தெரிந்துவிடும். ஈரத்துக்கு வாசம் கிடையாது, கியர் ஆயில் புகை தொண்டையைப் பிடிக்கும்.

சைலன்ஸர் பக்கம் குனிந்து ரெண்டு இழுப்பு இழுத்தால் நான் வியாதியைச் சொல்லிவிடுவேன். மூக்கு மெக்கானிக் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். புளியரையிலிருந்தெல்லாம் வண்டி வரும். எனக்கு அதில் பெருமை உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கொரோனா வந்தது. காய்ச்சல் பத்து நாளில் விட்டது, போன வாசனை திரும்பி வரவே இல்லை. அடுப்பில் பால் பொங்கி, பாத்திரம் கரியாகும் வரை நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்ததைப் பார்த்து வீட்டுக்காரிதான் முதலில் கண்டுபிடித்தாள். வெளியே மூச்சு விடாதே என்று சொல்லி வைத்தேன். மூக்கு மெக்கானிக்குக்கு மூக்கு இல்லை என்று தெரிந்தால் எவன் வண்டி கொண்டுவருவான்? பழையபடியே குனிந்தேன், இழுத்தேன், தலையாட்டினேன். பிளக்கின் நிறத்தையும் இன்ஜின் சத்தத்தையும் வைத்து ரெண்டு வருஷம் சமாளித்தேன். ஒன்றும் தப்பாகவில்லை, அதனால் துணிச்சலும் வந்துவிட்டது.

அண்ணாச்சியும் மதினியும் அருவிக்குப் போகிற வழியில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை போட்டிருந்தார்கள். அவர் சீவுவார், மதினி பொரிப்பார். எண்ணெய் எப்போது காய்ந்தது, எப்போது மாற்ற வேண்டும் என்பதெல்லாம் மதினி கணக்கு. சீசன் மூன்று மாதம் ஓடினால்தான் அவர்களுக்கு அந்த வருஷம். அவர்களுடையது எழுபதுகளில் வந்த டூ ஸ்ட்ரோக், தினமும் இலஞ்சியிலிருந்து அதில்தான் வந்துபோவார்கள்.

அன்று நல்ல சாரல். புகை வெள்ளையாக வருகிறது என்று அண்ணாச்சி சொன்னார். மதினி வண்டியை விட்டு இறங்கி நின்று சொன்னார்:

"தம்பி, புகையில நாலு நாள் காய்ச்சின எண்ணெ வாசம் அடிக்கு. எனக்கு நல்லாத் தெரியுது."

நான் குனிந்து இழுத்தேன். குளிர்ந்த காற்று உள்ளே போனது, அவ்வளவுதான். நிமிர்ந்து சிரித்தேன்.

"மதினி, நாள் பூரா எண்ணெச் சட்டி முன்னாடி நிக்கிய. அந்த வாசம் உங்க சேலையில ஒட்டியிருக்கு. இது சாரல் ஈரம். வண்டி சூடேறினாப் போயிரும்."

அண்ணாச்சியும் சிரித்தார். மதினி முந்தானையை எடுத்து ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். கியர்பாக்ஸில் ஆயில் லெவல் பார்க்கிற போல்ட் ஒன்று உண்டு. அதைத் திறக்க ரெண்டு நிமிஷம் ஆகாது. மூக்கால் பார்க்கிறவன் போல்ட்டைத் திறந்து பார்ப்பதா என்ற வீம்பில் நான் அதைத் தொடவில்லை.

விழுந்த வண்டியை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து பிரித்தேன். கியர்பாக்ஸில் அரை டம்ளர் ஆயில்கூட இல்லை. பேரிங் சூட்டில் நீலம் பாய்ந்து இறுகிக் கிடந்தது. கிளட்ச் பக்கத்து சீலின் உதடு கிழிந்திருந்தது. ஒரு வாரமாக அவ்வளவு ஆயிலும் வெள்ளைப் புகையாகப் போயிருக்கிறது. மதினிக்கு அது தெரிந்திருக்கிறது.

மறுநாள் அண்ணாச்சி வந்து, ஆயில் வற்றிக் கிடந்த கியர்பாக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"கியர் ஆயிலப் பாக்காம விட்டுட்டேன். அவ கைய நாந்தான் ஒடிச்சேன்."

பழைய வண்டி அண்ணாச்சி, நடக்கத்தான் செய்யும் என்றேன். இன்றைக்கும் நான் வெட்கப்படுவது இந்தப் பதிலுக்குத்தான். தப்பு நடந்துவிட்டது, சரி. அதை அடுத்தவன் தலையில் சுமக்க விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேனே.

மூன்று நாள் அண்ணாச்சி தானே பொரித்துப் பார்த்தார். ஒரு ஈடு கருகியது, ஒரு ஈடு வதங்கிப்போனது. நாலாம் நாள் நான் அந்தப் பக்கம் போனபோது, அருவியில் கூட்டம் நெரிய, இவர்கள் கடை மட்டும் பூட்டிக் கிடந்தது. நேராக இலஞ்சிக்குப் போனேன்.

மதினி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் வந்தது முதல் லெவல் போல்ட் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சி எழுந்து வெளியே போய்விட்டார். மதினிதான் பேசினார்.

"மூக்கு போனதுக்கு நீங்க என்ன செய்விய. எம் மூக்கு அங்கனதான தம்பி நின்னுச்சு. அதக் கேட்டிருக்கலாம்லா."

பட்டறைக்குத் திரும்பி, பிரித்துக் கிடந்த வண்டியில் வேலையை ஆரம்பித்தேன்.

பேரிங், ரெண்டு பக்க சீல் எல்லாம் புதிதாகப் போட்டு, வண்டியை நானே கொண்டுபோய் விட்டேன். கூலி வாங்கவில்லை, அவர்களும் நன்றி சொல்லவில்லை. அந்தச் சீசன் முழுக்கக் கடை திறக்கவே இல்லை. அடுத்த வருஷம் மதினி மறுபடி சட்டி முன்னால் நின்றார் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு வாசம் தெரியாது, நீங்கள் முகர்ந்து சொல்லுங்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். இருக்கிறவர்கள் சொல்வதை அவர்கள் சொல்கிற வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதுகிறேன். கோழி ரெக்கையைப் பொசுக்கின மாதிரி என்று ஆலங்குளம் டீச்சர் ஒருவர் சொன்னார். குனிந்து பார்த்தால், ரெயின்கோட்டின் நுனி சைலன்ஸரில் உருகி ஒட்டியிருந்தது. எதைச் சொன்னாலும் எழுதுங்கள், எழுதிவிட்டு லெவல் போல்ட்டையும் திறந்து பாருங்கள். கஸ்டமருக்கு வண்டியைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம். அதன் மேல் தினமும் உட்கார்ந்து போகிறவர் அவர்தான்.

அண்ணாச்சி இப்போது தென்காசியில் வேறொருவரிடம் வண்டியைக் காட்டுகிறார். அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு என் பட்டறையைத் தாண்டித்தான் போக வேண்டும். மதினி பின்னால் உட்கார்ந்திருப்பார். வண்டி போகும்போது புகையின் நிறத்தைப் பார்ப்பேன். வாசம் எப்படி இருக்கிறது என்று நிறுத்திக் கேட்க முடியாது.