பள்ளத்துப் பக்கச் சீட்

நான் பயந்தாங்கொள்ளி. பதுளையிலிருந்து பசறைக்குப் பஸ் ஏறினாலும் மலைப் பக்கத்து ஜன்னலாகப் பார்த்து உட்காருகிற ஆள். லொறிகளுக்கு வயரிங் வேலை பார்ப்பதும், ஸ்கேனரை மாட்டி எஞ்சினில் என்ன கோளாறு என்று சொல்வதும்தான் என் பிழைப்பு. எல்லாம் நிற்கிற வண்டியில் செய்கிற வேலை. ஓட்டுவதற்கு டிரைவர் இருக்கிறான், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலை மூட்டை ஏற்றி நின்ற பெரிய லொறி அது. ஏற்றத்தில் திடீரென்று இழுவை விட்டுப்போகிறது, மஞ்சள் லைட் எரிகிறது என்று டிரைவர் என்னை வரவழைத்திருந்தான். சின்ன வயசு. நான் பெட்டியைத் திறப்பதற்குள்ளேயே, “வீட்டுல மாசமா இருக்கா பாஸண்ணே, பாத்துச் செய்ங்க” என்றான். 

ஸ்கேனர் மூன்று கோளாறு காட்டியது. ஆக்சிலேட்டர் மிதியின் சென்சர், டர்போ காற்றழுத்தச் சென்சர், டீசல் அழுத்தச் சென்சர். மூன்றுக்கும் ஒரே நேரத்தில் கரண்ட் குறைந்திருக்கிறது. ஸ்கேனரில் அவற்றை அழித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் லைட்டே இல்லை, எஞ்சின் நல்ல பிள்ளையாக ஓடுகிறது. ஒரு லயத்தில் வரிசையாக ஒட்டியிருக்கிற எல்லார் வீட்டிலும் ஒரே நிமிடத்தில் காய்ச்சல் வருமா? மூன்று சென்சரும் கெட்டிருக்க முடியாது. மூன்றுக்கும் கரண்ட் கொடுக்கிற ஒரே வயர் எங்கேயோ இரும்பில் படுகிறது. நிற்கும்போது படவில்லை, பாரத்தோடு ஏறும்போது படுகிறது.

“ஓடுறப்பதான் பாக்கணும்” என்றேன். சொன்ன பிறகுதான், ஓடுகிற வண்டியில் நானும் இருக்க வேண்டும் என்பது உறைத்தது.

பள்ளம் என் பக்கம். ஸ்கேனரை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு போனேன். வெளியே பார்க்க வேண்டாமே. “பயப்படாதீங்க பாஸண்ணே” என்று அவன் சொன்ன குரலே நடுங்கியது. ஒரு கொண்டையூசி வளைவில் பாதி ஏறியபோது திரையில் மூன்று சென்சரின் கோடுகளும் பொத்தென்று கீழே விழுந்தன. அவன் மிதியைத் தரை வரை அழுத்தினான். எஞ்சின் முனகிவிட்டு நின்றுபோனது. லொறி பின்னால் நகர்ந்தது.

“பிரேக்கு! பிரேக்கு!” என்று கத்தினேன், ஏதோ அவனுக்குத் தெரியாதது மாதிரி. காற்று சீறியது. வண்டி குலுங்கி நின்றது. கதவைத் திறந்தேன். காலுக்குக் கீழே ரோடு இல்லை. எங்கேயோ அடியில் லயத்துத் தகரக் கூரைகள் தெரிந்தன. எனக்குத் தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டபடி அவன் பக்கமாகத் தவழ்ந்து இறங்கி, பின் டயருக்குப் பெரிய கல்லாகப் பார்த்து அண்டை கொடுத்தேன். 

ஆனால் கோளாறு இப்போது கையில் இருந்தது. இந்த நேரத்தை விட்டால் மறுபடி கிடைக்காது. அவனைச் சாவியைப் போட்டு ஸ்கேனரைப் பார்க்கச் சொல்லிவிட்டு முன் மூடியைத் தூக்கினேன். டர்போ சென்சரைக் கழற்றினேன். “கோடு மேல வந்துச்சா?” “இல்லண்ணே.” அப்படியானால் வயர்தான். கட்டு வயரைத் தடவிக்கொண்டே போனேன். ரேடியேட்டர் ஓரத்தில் விரல் எதிலோ ஈரமாகப் பட்டது.

தேசிக்காயும் காய்ந்த மிளகாயும். திருஷ்டிக்குக் கட்டியது. எல்லாரும் பம்பரில் தொங்கவிடுவதை இவன் உள்ளே, வயரோடு சேர்த்து இரும்புக் கம்பியால் முறுக்கியிருந்தான். கம்பி உறையை அறுத்துச் செம்பு வரைக்கும் போயிருந்தது. அந்தக் கம்பியை லேசாகத் தூக்கினேன். “வந்துருச்சு! மூணும் வந்துருச்சு!” என்று உள்ளேயிருந்து கத்தினான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “யாருய்யா இத இங்க கட்டுனது?”

“வீட்டுல அவதான். வெளிய கட்டுனா விழுந்துருமாம். வெள்ளிக்கு வெள்ளி எலுமிச்சம்பழம் மாத்தி நல்லா முறுக்கி வைப்பா.” இறங்கி வந்து என் கையைப் பிடித்தான். “வெட்டாதீங்கண்ணே. அவ அண்ணன் ஓட்டுன லொறி இந்த ரோட்டுலதான் உருண்டுச்சு.”

திட்ட வாயெடுத்தவன் அடங்கிவிட்டேன். ஆனாலும் வெட்டினேன். வெட்டாவிட்டால் நாங்களும் உருளுவோம். வயருக்கு டேப் சுற்றினேன். பழத்தைத் தூக்கி எறியப் போனபோது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “கையில வச்சிக்கங்கண்ணே, கீழ போடாதீங்க” என்றான்.

அதற்குப் பிறகு எஞ்சின் இழுத்த இழுப்பைச் சொல்ல வேண்டும். ஒரு கோடும் விழவில்லை. எதுவும் ஆகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதைக் கண்டுபிடித்தவனே நான்தான். இருந்தும் ஒவ்வொரு வளைவிலும் கண்ணை மூடிக்கொண்டேன். கட்டியிருந்ததை வெட்டிவிட்டோமே என்று ஒன்று உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

பசறை தாண்டி இறக்கத்தில் போகும்போது, முன்னால் மாட்டியிருந்த போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான். அவன் மனைவி.

“எங்க வர்றீங்க?”

“பசறை தாண்டிட்டோம்.”

“பழம் இருக்கா? பாத்தீங்களா?”

அவன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இருக்கு” என்றேன் நான். “பத்திரமா இருக்கும்மா.”

இரண்டு கையாலும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஸ்கேனர் எப்போது காலடியில் விழுந்தது என்று தெரியவில்லை.