பதினேழாம் நம்பர் டேக்

அன்று காலை பத்து மணிக்குப் பாய்லரில் நெருப்பு வைப்பதாக இருந்தது. பன்னிரண்டு நாளாக மில் நின்றிருந்தது. சோதனைக்காகப் பாய்லரை நிறுத்தி, ஆறவிட்டு, திறந்து, உள்ளே சுரண்டிக் கழுவி, தேய்ந்த குழாய்களையும் அடுப்புச் செங்கலையும் மாற்றி, அரசாங்க அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மறுபடியும் மூட்ட முடியும். நான் அந்தச் செம்பனை எண்ணெய் மில்லில் பாய்லர்மேன். இருபத்தாறு வருட வேலை.

பாய்லர் திறந்திருக்கும் நாள்களில் எனக்கு வீடு என்பது தூங்கும் இடம் மட்டும்தான். கோலா சிலாங்கூரிலிருந்து விடியுமுன் புறப்பட்டால் இருட்டிய பிறகுதான் திரும்புவேன். பத்தாவது நாள் சோற்றில் கை வைத்தபடியே தூங்கிவிட்டேன் என்று என் மனைவி சொன்னாள். எனக்கு நினைவில்லை. அந்த ஞாயிறு கோயிலுக்கும் போகவில்லை. வலது முழங்கால் படி ஏறும்போதெல்லாம் சத்தம் போட்டது.

எங்கள் பாய்லரின் அடுப்பு ஒரு சின்ன வீட்டுக் கூடம் அளவு இருக்கும். முன்னால் ஒரு கதவு. பின்னால், குழாய் வரிசைக்கு அப்பால், சாம்பல் வாருவதற்கு இன்னொரு சின்னக் கதவு. முன்கதவில் நின்று டார்ச் அடித்தால் அந்தப் பின்மூலை தெரியாது.

உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட தகட்டு டேக் ஒன்று உண்டு. போகும்போது முன்கதவுக்குப் பக்கத்துப் பலகையில் மாட்ட வேண்டும்; வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. பலகை காலியானால்தான் கதவை மூடலாம். இந்தச் சட்டத்தைப் புது ஆள்களுக்குச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான்.

ஒன்பதரைக்குப் பலகையில் ஒரு டேக் தொங்கியது. பதினேழாம் நம்பர்.

அது வெளிக் கொன்ட்ரெக்கில் வந்த ஆள் ஒருவருடையது. உள்ளே சாரம் கட்டுகிறவர், என் வயதுதான் இருக்கும். தஞ்சோங் காராங் பக்கமிருந்து தினமும் மோட்டாரில் வருவார். அதிகம் பேசமாட்டார். சாரத்தை முந்தின நாளே பிரித்துவிட்டார்கள்; அன்று மிச்சச் சாமானை எடுத்துப் போகத்தான் வந்திருந்தார்கள். ஏழு மணிக்கு நானே முன்கதவில் நின்று டார்ச் அடித்துப் பார்த்திருந்தேன். அடுப்பு காலி.

கொன்ட்ரெக் மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவரு வீட்டுக்குப் போயிருப்பாருண்ணே. மோட்டாரக் காணோமே. டேக்க எடுக்க மறந்துட்டாரு, அவ்வளவுதான் லா."

"போன் போட்டுப் பாரு."

"போட்டுட்டேன். எடுக்கல. மோட்டார் ஓட்டிக்கிட்டு இருப்பாரு."

அதற்குள் எங்கள் என்ஜினியர் வந்தாள். முப்பது வயதுப் பெண். பாய்லர் வேலை முழுவதும் அவள் பொறுப்பில் விடப்பட்டது அதுதான் முதல் முறை. அவளும் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"அங்கிள், லோரி வரிசை கேட்டு வரைக்கும் நிக்குது. பழக் குலையெல்லாம் ரெண்டு நாளாக் காயுது. மேனேஜர் மூணு வாட்டி கூப்பிட்டுட்டாரு. பத்து மணிக்கு மூட்டிரலாம்தானே?"

"மூட்டிரலாம்மா" என்றேன்.

சொல்லிவிட்டுப் பலகையிலிருந்து அந்த டேக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். என் கை செய்தது, என் புத்தி செய்யவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். யோசித்துத்தான் கழற்றினேன். பின்பக்கம் சுற்றிப் போய்ச் சாம்பல் கதவைத் திறந்து பார்க்க வேண்டுமென்றால் இரண்டு ஏணி இறங்கி ஏற வேண்டும். முழங்காலை நினைத்தேன். ஏழு மணிக்குத்தான் பார்த்தோமே என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

புகையை இழுக்கும் காற்றாடியைப் போடச் சொன்னேன். அது சுழல ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காது கேட்காது. நெருப்பு வைக்கும் ஆள் அடுப்பில் விறகை அடுக்கி, டீசலில் நனைத்த துணியைக் கம்பியில் சுற்றிக்கொண்டு முன்கதவில் நின்றான். நான் கை காட்டினால் கொளுத்துவான்.

இன்னும் பத்து நிமிடம் இருந்தது. டேக்கை மேஸ்திரியிடம் கொடுத்துவிடலாம் என்று கொன்ட்ரெக் ஆள்களின் கொட்டகைக்கு நடந்தேன். மேஸ்திரி அங்கே இல்லை. சுவர் ஆணிகள் எல்லாம் காலியாக இருந்தன, ஒன்றைத் தவிர. அதில் அவருடைய மழைக்கோட்டும் மோட்டார் தொப்பியும் தொங்கின. தொப்பிக்குள் எட்டிப் பார்த்தேன். கைபேசியும் மோட்டார் சாவியும் கிடந்தன.

சாவி இல்லாமல் எப்படி வீட்டுக்குப் போவார்?

நான் ஓடினேன். அந்த முழங்காலோடு எப்படி ஓடினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காக ஆட்டிக்கொண்டே ஓடினேன். நெருப்பு வைக்கும் ஆள் நான் கை காட்டுவதாக நினைத்து லைட்டரை எடுத்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். காற்றாடியை நிறுத்தினோம். அது நின்று அடங்குவதற்குள் ஏணியில் இறங்கிச் சாம்பல் கதவைத் திறந்து டார்ச் அடித்தேன்.

குழாய் வரிசைக்குப் பின்னால், செங்கல் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மூக்கில் மாஸ்க். மடியில் சாரக் கம்பிகளைப் பிணைக்கும் கிளாம்பு நாலைந்து. மார்பு ஏறி இறங்குவது தெரிந்தது.

"அண்ணே!" என்று கத்தினேன். என் வயதுக்காரரை அண்ணே என்று கூப்பிட்டது அப்போதுதான்.

கண்ணைத் திறந்து வெளிச்சத்துக்குக் கையால் மறைத்துக்கொண்டார்.

"முடிஞ்சிருச்சாண்ணே?" என்று கேட்டார்.

வெளியே கொண்டுவந்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம். எட்டு மணிக்கு, விட்டுப்போன கிளாம்பை எடுக்கப் பின்கதவு வழியாகப் போயிருக்கிறார். ஒழுங்காக டேக்கையும் மாட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார். போன இடத்தில் ஒரு நிமிடம் உட்காரலாம் என்று உட்கார்ந்தவர்தான். அவர் உள்ளே இருப்பது தெரியாமல் யாரோ பின்கதவைச் சாத்தியிருக்கிறார்கள். அவருடைய மோட்டார் எடை போடும் மேடைக்குப் பக்கத்து நிழலில் நின்றது.

மேஸ்திரி அவரைத் திட்ட ஆரம்பித்தான். "தூங்குற எடமாய்யா அது?"

"உள்ளதான் சத்தமில்ல" என்றார் அவர். "ரெண்டு வாரமா எங்கயும் உக்காரல. குளுகுளுன்னு இருந்துச்சு, கண்ணு சொருகிருச்சு." மன்னிப்புக் கேட்பதுபோல் எங்கள் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

என்ஜினியர் இரும்புப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"டேக் தொங்குறதப் பாத்துட்டுத்தானே அங்கிள் நீங்க தேடிப் போனீங்க? நல்ல வேளை."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். டேக் என் சட்டைப் பையில் இருந்தது யாருக்கும் தெரியாது.

"இல்லம்மா. அத நான் கழட்டிட்டேன். சாவியப் பாத்துத்தான் ஓடிவந்தேன்." டேக்கை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

அவள் அதைத் திருப்பி நம்பரைப் பார்த்தாள். "நானும்தானே அவசரப்படுத்துனேன்" என்றாள். "ரெண்டையும் எழுதணும் அங்கிள்."

"எழுதும்மா."

எழுதினாள். மேனேஜர் வந்து கத்தினார், லோரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். ஆனால் அவள் மறுபடியும் ஆள்களை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொரு டேக்கையும் கையில் வாங்கிப் பார்த்து, இரண்டு கதவு வழியாகவும் தானே தலையை நீட்டிப் பார்த்த பிறகுதான் விட்டாள். மத்தியானம் இரண்டு மணிக்கு நெருப்பு வைத்தோம். புதுச் செங்கல் வெடிக்காமலிருக்கச் சின்ன நெருப்பு. ஒரு நாள் முழுக்க அதைத் தணித்துத் தணித்து எரிக்க வேண்டும். நான் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உட்காரத் தைரியம் வரவில்லை.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இருபத்தாறு வருடத்தில் முதல் கடிதம். கோபம் வரவில்லை. வீட்டில் மனைவியிடம் கொடுத்தேன்; படித்துவிட்டு, "நாளைக்கு லீவு போடுங்க" என்றாள். போட்டேன். சாயங்காலம் வரை தூங்கினேன்.

சாரம் கட்டியவரை அதற்குப் பிறகு மேஸ்திரி வேலைக்குக் கூப்பிடவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. சொல்லியும் பார்த்தேன், கேட்கவில்லை. சில மாதம் கழித்துத் தஞ்சோங் காராங்கில் சாலையோரக் கடை ஒன்றில் பார்த்தேன். நெல் லோரியில் வேலை என்றார். ஆளுக்கொரு கோப்பை தே குடித்தோம். அன்று டேக்கைக் கழற்றியது நான்தான் என்று அவரிடம் சொன்னேன்.

கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்பறம் நீங்கதானே வந்து எழுப்புனீங்க" என்றார். குரலில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. எழுந்து, வேலைக்கு நேரமாயிற்று என்று சொல்லிவிட்டுப் போனார். நான் இன்னொரு தே சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.