பாலுக்கு ஒரு சொல்

பிரெஞ்சுக் கொடி இறங்கியதற்கு மறு வருஷம் எங்களுக்கு மகள் பிறந்தாள். நான் அப்போது காரைக்கால் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், எழுத்தராக இருந்தேன். கோவில்பத்தில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். மதியம் சாப்பாட்டுக்குச் சைக்கிளில் வீடு திரும்பினால், வாசலிலேயே என் மனைவியின் குரல் கேட்கும்.

"இங்கா வேணுமா? என் தங்கத்துக்கு இங்கா வேணுமா? இங்ங்ங்... கா!"

முதல் அசையை இழுத்துக்கொண்டே போய், கடைசி எழுத்தைச் சட்டென்று போட்டு நிறுத்துவாள். குழந்தை கைகாலை உதறிக்கொண்டு அவள் மார்பைத் தேடும்.

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. இங்கா மட்டுமா? சிறுநீர் போனால் மூச்சா. படுத்தால் தாச்சி. எறும்பு கடித்தால் உவ்வா. என் அண்ணன் மகன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகும் சோற்றை 'மம்மு' என்று சொல்லி, வகுப்பே சிரித்து, அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடிவந்திருக்கிறான். என் மகளுக்கு அது நேரக் கூடாது என்று நினைத்தேன்.

"பாலைப் பால்னே சொல்லேன். அதைவிடச் சின்ன வார்த்தை எங்க இருக்கு?" என்பேன்.

"பசும்பாலும் பால்தான், எருக்கம்பாலும் பால்தான். இது எங்கிட்ட இருக்கறது. இதுக்கு எனக்கும் அவளுக்கும் தனியா ஒரு பேரு இருந்தா உங்களுக்கு என்னாங்க நஷ்டம்?"

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் என் கட்சி. பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலிருந்தே வேலை பார்ப்பவர், வீட்டிலும் பாதிப் பேச்சு பிரெஞ்சுதான். அவர் பிள்ளைகள் பாலை 'லே' என்பார்கள். "குழந்தைகிட்ட நாமளும் குழந்தையாப் பேசுனா அது எப்ப மனுஷனாவுறது?" என்று கேட்பார். அதை வீட்டில் வந்து சொன்னேன். மனைவி சிரித்துவிட்டாள். "அவங்க வூட்டுல வெள்ளைக்காரன் வச்ச பேரு இருக்கலாம். நம்ம வூட்டுல நான் வச்ச பேரு இருக்கப்படாதாக்கும்?"

மகளுக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் கஷாயம் வைத்துக் குடித்தாள். இறங்கவில்லை. பிதற்ற ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் பார்த்துவிட்டு டைபாய்டு என்றார். குழந்தையை அவளிடமிருந்து உடனே பிரிக்கச் சொன்னார். ஊரிலிருந்து அவள் அக்கா வந்து ஆஸ்பத்திரியில் கூட இருந்தாள். அக்காவின் பிள்ளைகள் வளர்ந்தவர்கள், அவளிடமும் பால் இல்லை. என் பக்கத்தில் வந்து இருக்கக்கூடிய பெண்கள் யாரும் இல்லை. லீவு போட்டுவிட்டு மகளோடு நான் வீட்டில் உட்கார்ந்தேன்.

பசும்பாலில் தண்ணீர் கலந்து காய்ச்சிப் பாலாடையில் புகட்டினேன். நாக்கால் தள்ளினாள். உள்ளே போனதும் தயிராக வெளியே வந்தது. கடைத்தெருவில் டின் பால் வாங்கிவந்து கரைத்துக் கொடுத்தேன். வயிற்றால் போக ஆரம்பித்தது. துணி அலசி மாளவில்லை. முதலில் வீடு அதிர அழுதவள், பிறகு பூனைக்குட்டி மாதிரி முனகினாள். அதுவும் குறைந்துகொண்டே வந்தது. உச்சிக்குழி உள்வாங்கிவிட்டது. அங்கே விரல் வைக்க எனக்குப் பயமாக இருந்தது.

தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் டாக்டரிடம் விரைந்தேன். அவர் இமையைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். கிள்ளிய தோல் மடிந்தபடியே நின்றது.

"மருந்து தர்றேன். ஆனா இதுக்கு மருந்து தாய்ப்பால்தான். பால் குடுக்கற பொம்பளை யாராச்சும் தெரிஞ்சவங்க இருந்தா இன்னிக்கே கேளுங்க. நாளைக்குன்னு வச்சுக்காதீங்க" என்றார்.

பக்கத்து மேசைக்காரரின் மனைவிக்குக் கைக்குழந்தை இருப்பது ஞாபகம் வந்தது. மகளோடு நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அவர் மனைவி உள்கதவருகே தன் குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டியபடி நின்றார். அப்போதுதான் கொடுத்து முடித்திருப்பார் போலிருக்கிறது. ரவிக்கையில் ஒரு பக்கம் நனைந்திருந்தது. நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

எப்படிக் கேட்பது? வாய் வரைக்கும் வந்த சொல் எதுவும் பிறத்தியார் மனைவியின் முன்னால் ஓர் ஆண் சொல்லக்கூடிய சொல்லாக இல்லை. தாய்ப்பால் என்று டாக்டர் சொல்லலாம். நான் சொன்னால் அந்த ஈரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டதாகிவிடும் என்று தோன்றியது.

"குழந்தைக்கு ஆகாரம் எதுவும் தங்க மாட்டேங்குதுங்க," என்றேன். "டாக்டர் வேற ஆகாரத்துக்கு ஏற்பாடு பண்ணச் சொல்றாரு."

"அதுக்கு ஏன் கலங்குறீங்க?" என்று அந்த அம்மாள் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் கூகைக்கிழங்கு மாவு டப்பா இருந்தது. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் கிண்ட வேண்டும், எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். டப்பாவை வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்து, சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். திரும்பப் போய்க் கேள் என்று மனம் அடித்துக்கொண்டது. கால் நகரவில்லை. தோளில் மகள் மூச்சு விடுகிறாளா என்று திரும்பத் திரும்பக் காதை வைத்துப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து மாவைக் கிண்டினேன். கட்டி தட்டிப் போயிற்று. அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். யாரை எதிர்பார்த்து வந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்குள் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அப்போது மீன்காரம்மா தெருவில் வந்தார். காரைக்கால்மேட்டிலிருந்து கூடை எடுத்து வருபவர், என் மனைவியின் வாடிக்கை. எனக்கு அவரோடு பேச்சு வழக்கம் கிடையாது.

"எங்கங்க அய்யா அம்மாவக் காணும்? நாலஞ்சு நாளா கதவு சாத்தியே கெடக்கு."

"காய்ச்சல். ஆஸ்பத்திரியில இருக்கா."

"அய்யய்யோ. அப்ப புள்ளைக்கு?"

அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடியாமல் காலையிலிருந்து அலைந்துகொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன். பிறகு என்னை அறியாமல், "இங்கா இல்லம்மா. இவளுக்கு இங்கா இல்ல" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

மீன்காரம்மா சிரிக்கவில்லை. கூடையை இறக்கி வைத்தார். "இதை முன்னாடியே சொல்லக் கூடாதுங்களா? எம் புள்ளைய மாமியாகிட்ட விட்டுட்டு வந்து எனக்கும் மாரு கட்டிக்கிட்டு நோவுது. தெனம் ஏதாச்சும் மறைவாப் பாத்துப் பீச்சி விட்டுட்டுத்தான் போறேன். கை கழுவத் தண்ணி குடுங்க, மீன் நாத்தம்."

கிணற்றடியில் சோப்புப் போட்டுக் கையையும் மார்பையும் கழுவிக்கொண்டு அறைக்குள் போனார். நான் குழந்தையைக் கொடுத்துவிட்டுக் கதவுக்கு வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பாச்சி குடி கண்ணு. பாச்சி. இந்தா, பாச்சி."

மகள் குடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. திரும்பத் திரும்பக் கெஞ்சினார். வறண்ட முனகல் மட்டும் கேட்டது. என் தலை தானாகச் சுவரில் போய் முட்டிக்கொண்டது.

"அய்யா, பெத்தவ என்னா சொல்லிக் குடுப்பாங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"இங்கான்னு சொல்லுவா."

"எங்கிட்ட சொன்னா ஆச்சா? புள்ளைக்குக் கேக்கறாப்பல சொல்லுங்க. அவங்க எப்புடிச் சொல்லுவாங்களோ அப்புடிச் சொல்லுங்க."

சுவரைப் பார்த்தபடி நான் சொன்னேன். "இங்கா வேணுமா, என் தங்கத்துக்கு? இங்ங்ங்... கா." என் கட்டைக்குரலில் அது கேட்கச் சகிக்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். தெருவில் போகிறவர்களுக்குக் கேட்டிருக்கும். மறுபடி மறுபடி சொன்னேன். எத்தனை தரம் என்று தெரியாது. நிறுத்தினால் அவள் செத்துவிடுவாள் என்றுதான் அப்போது தோன்றியது.

"குடிக்குதுங்க," என்றார் மீன்காரம்மா. "நீங்க நிறுத்தாதீங்க."

சொல்லைக் கேட்டுக் குடித்தாளா, மூக்கில் பால் வாசம் பட்டுக் குடித்தாளா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து மீன்காரம்மா கூடையோடு வரும்போது ஒரு தரம், விற்று முடித்துத் திரும்பும்போது ஒரு தரம் என்று வந்தார். பிறகு தன் மகனையும் இடுப்பில் தூக்கிவந்து எங்கள் கூடத்தில் விட்டுவிட்டு, சாயங்காலம் வரை இருந்து போனார். வயிற்றுப்போக்கு நின்றது. அழுகையில் பழைய சத்தம் திரும்பியது.

ஆஸ்பத்திரியில் மனைவிக்குப் பிதற்றல் நின்ற அன்று ஜன்னலுக்கு வெளியே நின்று விஷயத்தைச் சொன்னேன். பால் கட்டி நோகாமலிருக்க அக்கா அவள் மார்பில் துணியை இறுகக் கட்டியிருந்தாள். மனைவிக்கு முடி கொட்டி நெற்றி அகலமாகியிருந்தது.

"யாரு குடுக்கறா?"

"மீன்காரம்மா."

"நல்லாருக்கட்டும்" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது. "எனக்கு வத்திப் போச்சுங்க" என்று சுவரிடம் சொன்னாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு மோசமான நாட்கள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இங்கா என்று கூப்பிடுவாள். மகள் வாய் வைப்பாள், இழுத்துப் பார்ப்பாள், ஒன்றும் வராமல் வீறிடுவாள். அந்த நேரத்தில் வாசலில் மீன்காரம்மாவின் குரல் கேட்டால் அந்தப் பக்கம் தலையைத் திருப்புவாள். ஒருநாள் மனைவி குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு, "அவகிட்டயே குடுத்துடுங்க. நான் இனிமே இவளுக்கு ஒண்ணுமில்ல" என்றாள்.

மீன்காரம்மா இதைக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். கூடையிலிருந்து பால்சுறா ஒன்றை எடுத்து வைத்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்கென்று கடற்கரையில் கொடுக்கும் மீன் அது. "இத அவிச்சுப் புட்டு பண்ணித் தாறேன், தெனம் தின்னுங்க. மொதல்ல நீங்க வாய் வக்க விடுங்க. வரலன்னா அழட்டும், அதுக்கப்புறம் நான் குடுக்கறேன். வுட்டீங்கன்னா வராது."

அப்படியே செய்தார்கள். இரண்டு பேரும் அறைக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி இங்கா என்பாள், ஒருத்தி பாச்சி என்பாள். அப்படிப் பேசக் கூடாது என்று நான் இப்போது யாரிடமும் சொல்லவில்லை. வெகு நாள் கழித்து மனைவிக்குச் சொட்டுச் சொட்டாக ஊறியது. குழந்தைக்குப் போதும் என்கிற அளவுக்கு அது ஒருபோதும் வரவில்லை. பல் முளைத்துக் குழைந்த சோறு தின்னும் வரைக்கும் மகள் இரண்டு பேரிடமும் குடித்தாள்.

மழைக்காலத்துக்கு முன்னால் குழந்தையைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் உச்சியைத் தடவிப் பார்த்து, "இனி பயமில்ல, வரவேண்டாம்" என்றார். திரும்பி வரும் வழியில் வாய்க்கால் மதகருகே மனைவி சைக்கிளை நிறுத்தச் சொன்னாள். இறங்கி மதகுச் சுவரில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். யாரோ, "சாவுச் சேதியாங்க?" என்று என்னிடம் கேட்டார்கள். இல்லை என்று தலையாட்டிவிட்டு, அவள் அழுது முடிக்கும்வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.