குதிரைக்காரன் நல்லவன்

சிவகாசியில் காமிக்ஸ் புத்தகங்களுக்குத் தாள் மடிக்கிற வேலை பார்த்தவள் நான். எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டும் தெரியும். அதனால் மடிக்கும்போதே படங்களைப் பார்த்து நானாக ஒரு கதை கட்டிவிடுவேன். சாயங்காலம் என் வீட்டுக்காரர் அதே புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். என் கதையைச் சொன்னால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

“ஏ கூறுகெட்டவளே, குதிரைக்காரன்தான் திருடன்!”

“திருடனுக்கு மொகத்துல இம்புட்டுக் களை இருக்குமாங்க?” என்று நானும் விடமாட்டேன்.

போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு நின்றுபோனது. நாம் சொல்வது புரிகிறதா என்று டாக்டருக்கே தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் யாரையும் வந்து வாசிக்கச் சொல்லிக் கேட்க என் ரோஷம் விடவில்லை. அந்தக் குதிரைக்காரன் புத்தகத்தை நானே அவர் முன்னால் விரித்தேன். கோபமாவது வரட்டும் என்று வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன்.

“இந்தக் குதிரைக்காரன் தங்கமான ஆளுங்க. ஊரையே காப்பாத்திட்டான். சரிதானே?”

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னப்பிள்ளை போலச் சிரித்தார். சரி என்று தலையாட்டினார்.

ஒரு கதையிலாவது அவரைச் சரி என்று சொல்லவைக்க வேண்டும் என்று இத்தனை காலம் வீம்பு பிடித்தவள் நான். அன்று அவர் தலையாட்டியபோது, அவர் எதிரில் இருக்கும்போதே நான் தனியாளாகிவிட்டது தெரிந்தது.