பிரபாவதி வெண்டைக்காய் வாங்கப் போனாள்

குவைத்தில் ஃபர்வானியாவில் எங்கள் எதிர் ஃப்ளாட்டுக்கு எழுபத்தாறாம் வருடம் குடிவந்தவள் பிரபாவதி. திருச்சிக்காரி. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் போயிற்று. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. கணிதத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு வீட்டில் ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வந்த கோபாலசாமியையே கேள்வி மேல் கேள்வி கேட்டு, பாஸ் போட்டு, பிறகுதான் கழுத்தை நீட்டினாள். அவர் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் கணக்கர். தங்கமான மனிதர். ஆனால் காய்கறி வாங்கத் தெரியாது.

வினை வந்தது அதில்தான். எங்கள் வாசலில் இறங்கி, தெருவைத் தாண்டினால் ஓர் ஈரானியரின் காய்கறிக் கடை. பம்பாயிலிருந்து வெண்டைக்காய் வந்து இறங்கும் நாளில் நாங்கள் எல்லாரும் ஓடுவோம். கோபாலசாமியும் ஓடுவார். ஓடிப்போய், எல்லாரும் கழித்துப் போட்ட முற்றலை எல்லாம் அள்ளிக்கொண்டு வருவார்.

"இதைச் சமைக்கிறதா, இல்லே கயிறு திரிக்கிறதா?" என்பாள் பிரபாவதி. "நுனியை ஒடிச்சுப் பார்த்தீங்களா?"

"எல்லாரும் பார்க்கிறப்போ எப்படி ஒடிக்கிறது? கூச்சமா இருக்கு."

இந்தக் கூச்சத்தை அவள் தினமும் சாம்பாரில் போட்டுச் சாப்பிட வேண்டியிருந்தது. தன் கையால் ஒரு வெண்டைக்காயை ஒடித்து, பார்த்து, வாங்க வேண்டும். அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது. சக்கர நாற்காலியை உள்ளே தள்ளினால் மூன்று மாடியும் இறங்கிவிடலாம். ஆனால் லிஃப்டுக்கும் தெருவுக்கும் நடுவே பளபளவென்று நாலு பளிங்குப் படி. கட்டடத்துச் சொந்தக்காரர் பெருமைக்காகப் போட்டது. அங்கேதான் பிரபாவதியின் குவைத் முடிந்துபோயிற்று.

ஆரம்பத்தில் கோபாலசாமி தனியாகவே நாற்காலியோடு தூக்கி இறக்கினார். முதுகு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் கூனிக்கொண்டு நடந்தார். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அவர் சிநேகிதர்கள் வந்தார்கள். எல்லாரும் இன்ஜினீயர்கள். தூக்குவதற்கு முன்னால் எப்படித் தூக்குவது என்று சண்டை போடுவார்கள். தூக்கிய பிறகு, "லெஃப்ட்ல சாய், லெஃப்ட்ல சாய்" என்று ஆளுக்கொரு பக்கம் சாய்ப்பார்கள்.

"ஷியாமளா, நான் என்ன உற்சவ மூர்த்தியா?" என்று என்னிடம் பொருமுவாள். "கடைக்குப் போனா எல்லாரும் பின்னாடி நின்னு வாட்ச்சைப் பார்க்கிறாங்க. எப்படிக் காயைப் பார்க்கிறது?" கடைசியில் வேண்டவே வேண்டாம் என்று வெளியே போவதையே நிறுத்திவிட்டாள். எனக்கு மனசு ஆறவில்லை. ஆனால் எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

பக்கத்து மனையில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே ராமநாதபுரம் பக்கத்துச் சோலைமுத்து சென்ட்ரிங் தச்சன். ஒருநாள் அவன் யாரையோ சுத்தமான தமிழில் திட்டுவது பால்கனிக்குக் கேட்டது. திட்டு முடியும்வரை மரியாதையாகக் காத்திருந்துவிட்டு பிரபாவதி கூப்பிட்டாள்.

"தம்பி! அந்தத் தள்ளுவண்டி மேலே ஏறுதே, அந்தப் பலகைச் சரிவு போட்டது யாரு?"

"நாந்தேன்க்கா."

"எனக்கும் ஒண்ணு போட்டுத் தருவீங்களா? என் வண்டியும் அந்த ஜாதிதான்."

வெள்ளிக்கிழமை அவன் ஃபோர்மேனிடம் கேட்டு வாங்கிய பழைய பலகைகளோடு வந்துவிட்டான். எகிப்துக்காரரான எங்கள் ஹாரிஸ், அதாவது கட்டடக் காவல்காரர், முதலில் "மாஃபி, மாஃபி", கூடவே கூடாது என்று இரண்டு கையையும் ஆட்டினார். இன்ஜினீயர்கள் நாற்காலியை இடித்து இடித்துப் பளிங்கு முனையெல்லாம் சிதைந்திருப்பதை நான் காட்டியதும், பலகை போட்டால் படி பிழைக்கும் என்று அவரே ஒரு முனையைப் பிடித்தார்.

சாப்பாட்டு நேரத்துக்குள் சரிவு தயார். நாங்களும், பழைய தூக்கல்கார இன்ஜினீயர்களும் கூடி நின்று பார்த்தோம். பலகைக்குக் குறுக்கே முழத்துக்கு ஒரு கட்டை, ஏணிபோல வரிசையாக அடித்திருந்தது.

"இது எதுக்கு?" என்றாள் பிரபாவதி.

சோலைமுத்து பெருமையாக நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "கால் வழுக்கிரக் கூடாதுல்லக்கா."

"வழுக்க என்கிட்டே கால் எங்கே இருக்கு, தம்பி?"

யாருக்கும் சிரிப்பதா கூடாதா என்று தெரியவில்லை. அவளே முதலில் சிரித்தாள். சோலைமுத்து நாக்கைக் கடித்துக்கொண்டு அத்தனை கட்டையையும் பிடுங்கி எறிந்தான். பிடுங்கிய ஜோரில், வழுக்காமல் இருக்க வேறு ஏதாவது செய்ய வேண்டும் என்பது அவனுக்கும் தோன்றவில்லை, அங்கே நின்ற இன்ஜினீயர்களுக்கும் தோன்றவில்லை.

"யாரும் பிடிக்கக் கூடாது," என்று எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னாள். கோபாலசாமி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். பிரபாவதி சக்கரத்தை ஒரு தள்ளுத் தள்ளினாள்.

அப்புறம் யாரும் எதுவும் செய்ய முடியவில்லை. நாற்காலி சரிவில் பறந்தது. நல்லவேளை, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள், தெருவில் ஒரு காரும் இல்லை. முந்தானை கொடியாகப் பறக்க, தெருவைக் குறுக்கே கடந்து, கடை வாசலில் அடுக்கியிருந்த தக்காளிப் பெட்டிகளில் போய் மோதி நின்றாள். ஹாரிஸ் அல்லாவைக் கூப்பிட்டார். நான் பெருமாளைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து ஓடினோம்.

போய்ப் பார்த்தால், அவளுக்கு ஒரு கீறல் இல்லை. மடி நிறையத் தக்காளி. அவளோ எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கைக்கு எட்டும் இடத்தில் வெண்டைக்காய்க் கூடை இருந்தது. ஒன்றை எடுத்தாள். நுனியை ஒடித்தாள். 'டப்' என்று முறிந்தது. மடியில் போட்டாள். அடுத்தது வளைந்தது, திரும்பக் கூடையில் எறிந்தாள்.

உள்ளேயிருந்து கடைக்காரர் பாய்ந்து வந்தார். தக்காளி நசுங்கியதைப் பார்த்தும் அவர் பதறவில்லை. ஒடிந்த வெண்டைக்காயைப் பார்த்ததும் பொங்கிவிட்டார். "யா மதராஸி! மாஃபி தோடோ, ஒடிக்காதே! எல்லாத்தையும் ஒடைச்சா நான் யாருக்கு விக்கிறது?" என்று அரபியிலும் இந்தியிலும் கலந்து கத்தினார்.

கோபாலசாமி மூச்சு வாங்க வந்து குறுக்கே விழுந்தார். "பாய், பாய், அவளால நடக்க முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கோங்க..."

"நடக்க முடியாததுக்கும் வெண்டைக்காய்க்கும் என்ன சம்பந்தம்? நீங்க நகருங்க," என்று அவரை ஒதுக்கிவிட்டு, பிரபாவதி கடைக்காரரிடம் தன் திருச்சி இந்தியில், "ஒடிக்காம வாங்கினா முத்தல்தான் கிடைக்கும், உன் பொஞ்சாதி வாங்குவாளா?" என்று கேட்டாள்.

கடைக்காரர் சக்கர நாற்காலியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் பயம். இவரும் இப்போது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இலவசமாக அள்ளிக் கொடுத்துவிடப் போகிறார் என்று. ஆனால் அவர், அவள் கையிலிருந்த காயைப் பிடுங்கிக் கூடையில் போட்டுவிட்டு, முன்னைவிட உரக்கக் கத்த ஆரம்பித்தார். அவளும் விடவில்லை. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். பிஞ்சு வெண்டைக்காயாகப் பார்த்துப் பார்த்து நறுக்கிக்கொண்டிருந்தாள். சண்டையில் தொண்டை கட்டியிருந்தது.

"ஷியாமளா," என்றாள், கண் கலங்கச் சிரித்துக்கொண்டே, "என் ஆயுசுல ஒரு கடைக்காரன் என்னைத் திட்டினது இன்னிக்குத்தான்டி."